ஓடிப்போன நிறம்

அன்புள்ள அக்கா,

ஓவியக் கல்லூரி முடித்துவிட்டுக் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரைய வந்திருக்கிறேன். கையில் இருப்பது முதல் புத்தகம். கூடப் படித்தவர்கள் டேப்லெட்டில் வரைகிறார்கள், படம் துடைத்துவைத்ததுபோல் வருகிறது. நான் வாட்டர்கலர். தண்ணீர் கொட்டுகிறது, நிறம் ஓடிவிடுகிறது, ஒரு பக்கத்துக்குப் பத்துத் தாள் வீணாகிறது. வீட்டில் தரையெல்லாம் கறை, அம்மாவிடம் தினமும் திட்டு. நானும் டேப்லெட்டுக்கு மாறிவிடலாமா?

— ஒரு வாசகி, தென்காசி

அன்புள்ள தங்கைக்கு,

டேப்லெட்டில் அருமையாக வரைகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அது பிடித்திருந்தால் தாராளமாக மாறுங்கள். நிறம் ஓடுகிறதே என்று பயந்து மட்டும் மாறாதீர்கள். அந்தப் பத்துத் தாளை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லையே. குப்பையில் போட்டிருந்தால் முதலில் போய் எடுத்துவாருங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு குளம் வரைந்துகொண்டிருந்தேன். பாசி மட்டும் மூன்று நாளாக வசப்படவில்லை. எப்படிப் போட்டாலும் பச்சைத் துணி விரித்தமாதிரியே இருந்தது. நான்காம் நாள், பச்சை பாதி காய்ந்திருக்கும்போது பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்துவிட்டது. நான் துணியைத் தேடி எடுப்பதற்குள் அந்தச் சொட்டு நிறத்தை விலக்கித் தள்ளிக்கொண்டே போய், காலிஃபிளவர் ஓரம்போலச் சுருள்சுருளாக நின்றது. பாசி! அதன்மேல் ஒரு தவளையை உட்காரவைத்தேன், பக்கம் முடிந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கம் வந்ததும் தவளையை விட்டுவிட்டுப் பாசியைத்தான் விரலால் தடவுகிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அதற்கப்புறம் வேண்டுமென்றே சொட்டவிட்டுப் பழகினேன். தாளின் பளபளப்பு அடங்கி, ஈரம் மட்டும் மிச்சமிருக்கும் கொஞ்ச நேரம் உண்டு. அப்போது விட்டால்தான் பூக்கும். முன்னால் விட்டால் கலந்துபோகும், காய்ந்தபின் விட்டால் வெறும் கறை. அடுக்களையிலிருந்து ஒரு பிடி கல்லுப்பு எடுத்து ஈரமான கருநீலத்தில் தூவிப் பாருங்கள். ஒவ்வொரு கல்லும் தன்னைச் சுற்றியிருக்கும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்தபின் தட்டிவிட்டால் வானம் முழுக்க நட்சத்திரம்.

அமெரிக்க ஓவியர் எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962-இல் 'தி ஸ்னோயி டே' என்ற படப்புத்தகம் செய்தபோது, ஓவியத்துக்குத் துணையாகக் கொஞ்சம் பூப்போட்ட காகிதம் ஒட்டலாம் என்றுதான் தொடங்கினார். ஒரு துண்டு இன்னொன்றைக் கேட்டது. காகிதம், துணி என்று வெட்டி ஒட்டிக்கொண்டே போனார். பனித்துகளுக்கு அழிரப்பரில் அச்சு செதுக்கினார், பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மையைத் தெளித்தார். சிவப்பு உடை போட்டுக்கொண்டு பனியில் நடக்கும் கறுப்பினச் சிறுவன் பீட்டர் பிறந்தது அப்படிப்பட்ட மேசையில்தான். மறு வருடம், படப்புத்தக ஓவியத்துக்கு அமெரிக்காவில் தரும் கால்டெகாட் பதக்கம் வந்தது. அந்தப் பனியை உற்றுப் பாருங்கள், எத்தனை நிறம் இருக்கிறது என்று தெரியும்.

கறாராக இருக்கவேண்டிய இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 5-ஆம் பக்கத்தில் தோள்வரை இருந்த பின்னல் 9-ஆம் பக்கத்தில் இடுப்புவரை வந்தால் பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள். இரண்டு பக்கத்துக்கு விரியும் படத்தில் நடுமடிப்பில் முகம் விழுந்தால் பைண்டிங்கில் மூக்கு காணாமல்போகும். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தானே? சாதாரணத் தாளை மடித்துத் தைத்து உள்ளங்கையளவில் ஒரு மாதிரிப் புத்தகம் செய்து, பென்சிலில் கதை முழுவதையும் ஓட்டிப்பார்த்துவிடுங்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று முடிவானபிறகு, நிறம் எப்படி ஓடினாலும் கதை கலையாது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள தாளாக வாங்குங்கள், அவ்வளவாகச் சுருளாது. தரைக்குப் பழைய பேப்பர் விரியுங்கள், அம்மா பாவம்.

அந்தப் பத்துத் தாளைக் கத்தரித்து ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். என்னிடம் பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. ஒரு யானைக்குக் காது வேண்டியிருந்தது. நேற்று அதைத்தான் கிளறினேன். எப்போதோ மேகம் வரையப்போய் ஓடிப்போன சாம்பல் நிறம், நரம்போடு அப்படியே கிடந்தது.

அன்புடன்,
அக்கா