சம்பளச் சீட்டில் இல்லாத பணம் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதுச்சேரி பீச் ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் ஸ்டூவர்டாக இருக்கிறேன். தினமும் கடலூரிலிருந்து போய்வருகிறேன். மாதம் 19,000 ரூபாய் கையில் நிற்கும். கொரோனா மாதிரி இன்னொரு நோய் வந்து ஹோட்டலைப் பூட்டினால் எனக்கு என்ன மிஞ்சும்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் அந்த 19,000-ஐப் பிரித்துப் பாருங்கள். உங்கள் மாதிரி வேலையில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: சீட்டில் பேஸிக் 9,000, வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தரும் அலவன்ஸ் 4,000, சர்வீஸ் சார்ஜ் பங்கு 3,000, டிப்ஸ் 3,000. வாடிக்கையாளர் வராத அன்றே கடைசி இரண்டும் நின்றுவிடும். வவுச்சர் பணம் முதலாளி மனசு. ஹோட்டலைப் பூட்டிய பிறகு சட்டப்படி கணக்கில் வருவது சீட்டில் இருக்கும் 9,000 மட்டும்தான்.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று வேலையிழந்தோருக்கான படி ஒன்று இருக்கிறது. சராசரி நாள் கூலியில் 25 சதவீதமாக இருந்ததை 2020 மார்ச் 24 முதல் 50 சதவீதமாக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள். காட்டிய கூலி 9,000 என்றால் நாளுக்கு 300, படி 150, மொத்தம் 13,500. அந்த 4,000-மும் சீட்டில் ஏறி 13,000 ஆகியிருந்தால் மொத்தம் 19,500. இ.எஸ்.ஐ. சந்தாவில் உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான்; 4,000-க்கு மாதம் 30 ரூபாய். “பிடித்தம் வேண்டாம், கையிலேயே கொடுங்க” என்று நாமே கேட்டு வாங்குவதன் விலை இது. பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதியிலும் இதே கதைதான்.

வேலை போய் 30 நாள் கழித்து விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் அதே 78 நாள். திட்டத்தின் கெடுவை அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே வந்திருப்பதால், அப்போது அமலில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் நம் இனிஷியலில்தான். ஆதாரில் ‘செல்வம் மு’, பி.எஃப். கணக்கில் ‘முருகன் செல்வம்’, பாஸ்புக்கில் வெறும் ‘செல்வம்’ என்று இருந்தால் மூன்றும் மூன்று ஆள். சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே திருத்திவிடுங்கள். அடுத்து, பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதி பதிவாகாமல் கிடக்கும். ஹோட்டல் போடாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனதும் உறுப்பினர் போர்ட்டலில் நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

“ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போ, திறந்ததும் கூப்பிடுறோம்” என்றால் எழுதிக் கொடுக்காதீர்கள். தானாக விலகியவர் என்று பதிவானால் இந்தப் படி கிடைப்பதில் சிக்கல். மறுபடி எடுத்தாலும் புது ஆள் கணக்கு. பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) 5 ஆண்டு முதலிலிருந்து தொடங்கும். ‘சம்பளமில்லா விடுப்பு’ என்று எழுத்தில் கேளுங்கள்.

எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர் என்பதால் இன்னொன்று. 2020-இல் இங்கே மாநில எல்லையில் இ-பாஸ் கேட்டார்கள். ஹோட்டல் திறந்தும் எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்ட முடியாதவருக்கு அது திறந்தும் திறக்காத ஹோட்டல்தான். நியமனக் கடிதம், அடையாள அட்டை, கடைசி மூன்று சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் போனில் படமாக வைத்திருங்கள்.

கேள்வி: பிரெஞ்சுப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். ஊரடங்குக்குப் பிறகு சனி, ஞாயிறில் ஊர் நிரம்பி வழிந்தது. எனக்கு மட்டும் வேலை வரவில்லையே, ஏன்?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: அது வேறு வியாபாரம், உங்களுடையது வேறு. சென்னை, பெங்களூரிலிருந்து காரில் வருகிறவருக்கு அறையும் சாப்பாடும் போதும், வழிகாட்டி வேண்டாம். உங்கள் ஆட்கள் விமானத்தில் வர வேண்டும். வழக்கமான சர்வதேச விமானங்கள் 2020 மார்ச் 23 அன்று நின்றவை, 2022 மார்ச் 27-இல்தான் திரும்பின. நவம்பர் முதல் பிப்ரவரி வரையான சீசன் இரண்டு முறை முழுசாகப் போயிற்று. இந்தியாவுக்கு 2019-இல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1 கோடியே 9 லட்சம். 2020-இல் 27 லட்சம்.

2021 ஜூனில் அறிவித்த கடன் உத்தரவாதத் திட்டத்தில் வழிகாட்டிகளுக்கு 1 லட்சம் வரை கடன் என்றார்கள். ஆனால் மத்திய சுற்றுலா அமைச்சகமோ மாநில அரசோ அங்கீகரித்தவர்களுக்கு மட்டும். உரிமம் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் இல்லாதவர் என்றால் இ-ஷ்ரம் என்ற அமைப்புசாராத் தொழிலாளர் பதிவுத் தளத்திலும் பதிந்துவிடுங்கள். 16 முதல் 59 வயதுக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: தேவனாம்பட்டினம் பக்கம் ஆறு அறை லாட்ஜ். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால், திறக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், கடலூர்

பதில்: எல்லாரும் தரையைத் துடைப்பதில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது தண்ணீரில். குழாயில் தேங்கிய நீரில் குளோரின் போய்விடும். லீஜியோனெல்லா என்ற கிருமி வளரும். ஷவர் தூறலை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரும்.

மேல்நிலைத் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். ஷவர் தலையைக் கழற்றி உப்புப் படிவை நீக்குங்கள். பிறகு ஒவ்வொரு குழாயையும் ஐந்து நிமிடம் திறந்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, ஆள் வெளியே நிற்க வேண்டும். கீசரை 60 டிகிரிக்கு ஏற்றி, சூடான நீரையும் ஓடவிடுங்கள். குளியலறைத் தரை வடிகாலில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். அங்கே நிற்க வேண்டிய நீர் வற்றியதால்தான் சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வருகின்றன.

கிருமிநாசினிக்கு 5 சதவீத ப்ளீச் 20 மில்லியை 980 மில்லி தண்ணீரில் கலந்தால் 0.1 சதவீதம். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றையது வீரியம் குறைந்திருக்கும். அழுக்கைச் சோப்பால் கழுவிய பிறகே தடவுங்கள். பத்து நிமிடம் கழித்து எஃகுக் குழாய்களை வெறும் நீரால் துடையுங்கள். இல்லாவிட்டால் உப்புக் காற்று ஏற்கெனவே அரித்ததை ப்ளீச் முடித்துவைக்கும். கக்கூஸ் ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆளைச் சாய்த்துவிடும்.

கேள்வி: இதையெல்லாம் பார்த்த பிறகும் கேட்டரிங் படிக்கலாமா?
– மாணவர், நெல்லிக்குப்பம்

பதில்: படியுங்கள். விற்காத மீன் கருவாடாகும். விற்காத ஒரு ராத்திரி அறை எதுவும் ஆகாது, அந்த வருமானம் போனது போனதுதான். அதனால் ஹோட்டலில் வரவேற்பும் விருந்து மண்டபமும் முதலில் ஆளைக் குறைக்கும். சமையலும் ஹவுஸ்கீப்பிங்கும் அப்படியில்லை. மருத்துவமனை, ஆலை கேன்டீன், விடுதி எங்கேயும் அந்தக் கை வேண்டியிருக்கும். ஆக, இறுதியாண்டுப் பயிற்சிக்குப் பெரிய ஹோட்டலின் லாபியைத் தேடாமல் 500 பேருக்குப் பொங்குகிற அடுப்படியைத் தேடுங்கள்.