புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக வாரம் ஒரு செய்தி வருகிறதே, ஆய்வு உண்மையில் எங்கே நிற்கிறது?

இதே கேள்வியை என் அம்மா மாதத்துக்கு இரண்டு முறை கேட்கிறார், வாட்ஸ்அப்பில் வந்த ஏதாவது ஒரு காணொளியோடு. கணையப் புற்றுநோய் உயிரணுக்களோடு முனைவர் பட்டத்துக்காக மல்லுக்கட்டுகிறவன் நான். கண்ணால் பார்த்ததிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் இன்குபேட்டரில் இரண்டு குடுவைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் மியா-பாகா-2, இன்னொன்றில் பாங்க்-1. இரண்டுமே 1970களில் இரு வேறு நோயாளிகளின் கணையக் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்தவை. அவர்கள் போய்விட்டார்கள், உயிரணுக்கள் உலகெங்கும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அதே இளஞ்சிவப்பு ஊட்டக் கரைசல், அதே 37 டிகிரி. இரண்டிலும் சோட்டோராசிப் என்ற மருந்தை ஒரே அளவு விட்டேன். மூன்றாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தால் மியா-பாகா சுருங்கி, தரையை விட்டுப் பிரிந்து மிதக்கிறது. பாங்க்-1 ஒன்றும் நடக்காததுபோல் குடுவையின் அடி முழுவதும் படர்ந்து கிடக்கிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஒரே ஓர் அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி. கே-ராஸ் என்ற புரதம், உயிரணுவைப் பெருகச் சொல்லும் சுவிட்ச். அதன் 12ஆவது இடத்தில் இருக்கும் கிளைசின் மாறிப்போனால் சுவிட்ச் அணையாமல் கிடக்கும். கணையப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்கு இந்தப் புரதத்துக்கான மரபணுவில் பழுது உண்டு. மியா-பாகாவில் கிளைசினின் இடத்தில் சிஸ்டீன். பாங்க்-1இல் அஸ்பார்ட்டிக் அமிலம். சிஸ்டீனில் கந்தகம் இருப்பதால் மருந்து அதில் கொக்கி போட்டு ஒட்டிக்கொள்கிறது. மற்றதில் அந்தப் பிடி கிடையாது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மனிதப் புற்றுநோயில், கே-ராஸ் சேர்ந்த ராஸ் குடும்பத்தில் பழுது தெரியவந்தது 1982இல். புரதத்தின் மேற்பரப்பு வழவழவென்று இருக்கிறது, மருந்து உட்காரக் குழி இல்லை என்று ஏறக்குறைய 30 ஆண்டுகள் பலரும் கையை விரித்தார்கள். 2013இல் கலிபோர்னியாவின் வேதியியலாளர் கெவன் ஷோகாட் குழு, சிஸ்டீனை ஒட்டி ஒளிந்திருந்த ஒரு குழியைக் காட்டியது. 2021 மே மாதம் சோட்டோராசிப்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, நுரையீரல் புற்றுநோயில் ஒரு பிரிவுக்கு மட்டும்.

நுரையீரல் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் சுமார் 37 சதவீதம் பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. நோய் முற்றாமல் நின்ற காலம், நோயாளிகளை வரிசைப்படுத்தினால் நடுவில் இருப்பவருக்கு, 6.8 மாதம். இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். அவர்கள் வேறு சிகிச்சைகளில் தோற்று வந்தவர்கள். கணையத்தில் 38 பேருக்குக் கொடுத்து 8 பேருக்குச் சுருங்கியது. கணையப் புற்றுநோயில் இந்த சிஸ்டீன் வகையே நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் இருக்கும் என்பது வேறு கதை.

ஏன் மாதக்கணக்கில் மட்டும்? அதற்கும் என் குடுவையில் விடை இருக்கிறது. மிதந்த பிணங்களைக் கழுவி, மருந்தோடு புதுக் கரைசல் ஊற்றி, வாரக்கணக்கில் விட்டுவைத்தேன். ஓரத்தில் பிழைத்த உயிரணுக்கள் ஏழெட்டுத் தீவுகளாக முளைத்தன. பெரிய சாலையை அடைத்தால் சந்து வழியாகப் போகும் வண்டிகள்போல, இவை வேறு சமிக்ஞைப் பாதைகளைப் பிடித்துக்கொள்கின்றன. சில, கே-ராஸிலேயே இன்னொரு பழுதைச் சேர்த்துக்கொள்கின்றன.

இன்றைய ஆய்வு இந்தத் தீவுகளின் மேல்தான் நிற்கிறது என்பது என் கருத்து. அந்தச் சந்துகளையும் சேர்த்து அடைக்கும் கூட்டு மருந்து ஒரு திசை: பெருங்குடல் புற்றுநோய்க்கு சோட்டோராசிப்போடு, வேறொரு வளர்ச்சிச் சமிக்ஞையை அடைக்கும் பானிட்டுமுமாப் என்ற மருந்தையும் சேர்த்துத் தர 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்தது. எந்த வகை ராஸ் பழுதையும் பிடிக்கும் மருந்துகள் இன்னொன்று. அதைத்தான் என் பாங்க்-1 குடுவை எதிர்பார்த்துக் கிடக்கிறது. மூன்றாவது, எஞ்சியவற்றை வேட்டையாட நோயாளியின் எதிர்ப்புச் சக்தியையே பழக்குவது. நியூயார்க்கில் அறுவை சிகிச்சை முடிந்த 16 கணைய நோயாளிகளுக்கு, அவரவர் கட்டியின் பழுதுகளை வைத்துத் தனித்தனியே எம்ஆர்என்ஏ தடுப்பூசி செய்து போட்டார்கள். 8 பேரின் உடலில் கட்டியை அடையாளம் காணும் டி உயிரணுக்கள் (எதிர்ப்புச் சக்தியின் படைவீரர்கள்) உருவாயின. 2023இல் வெளியான இந்த முடிவு எனக்கு உற்சாகம் தருகிறது, ஆனாலும் 16 பேர் என்பது 16 பேர்தான்.

அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்திருப்பது இதுதான்: எந்தப் புற்றுநோய், எந்தப் பழுது, எலியா மனிதரா, எத்தனை பேர் என்று செய்தியில் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் எனக்கு அனுப்பாதீர்கள். இப்போது வருகிற காணொளிகள் பாதியாகக் குறைந்திருக்கின்றன.

அந்தத் தீவுகளைச் சிறு குப்பிகளில் அடைத்துத் திரவ நைட்ரஜனில் போட்டு வைத்திருக்கிறேன். மூடியில் தேதியோடு 'தப்பியவை' என்று எழுதியிருக்கிறது. அடுத்த மாதம் வெளியே எடுத்து, எந்தச் சந்தில் நுழைந்தன என்று பார்க்க வேண்டும்.