விதைக்கு விட்ட காய்: மாடித்தோட்ட வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆடி பிறந்தால் "நாட்டு விதை எங்கே கிடைக்கும்?" என்ற கேள்விதான் வழக்கமாக முதலில் வரும். இம்முறை, கைமாறி வந்த விதை ஏன் முளைக்கவில்லை, முளைத்தது ஏன் வேறாகக் காய்த்தது என்று கேட்டவர்களே அதிகம். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளைச் சேர்த்துச் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

இயற்கை அங்காடியில் 'ஆர்கானிக்' தக்காளி வாங்கி, அதன் விதையைப் போட்டேன். ஆறு செடிகள் ஆறு விதமாகக் காய்த்தன. என்னை ஏமாற்றிவிட்டார்களா? (ஆதம்பாக்கம்)

அப்படிச் சொல்ல இடமில்லை. 'ஆர்கானிக்' என்பது ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இடாமல் விளைவித்த முறையைக் குறிக்கும் சொல். என்ன ரகம் என்பதை அது சொல்வதில்லை. வீரிய ஒட்டு ரகத்தையும் பஞ்சகவ்யம் ஊற்றி வளர்க்கலாம். நாட்டு ரகத்துக்கும் யூரியா போடலாம். நீங்கள் வாங்கியது பெரும்பாலும் இயற்கை முறையில் விளைந்த ஒட்டு ரகமாக இருந்திருக்கும். இரு வேறு பெற்றோரைச் சேர்த்து உருவாக்கிய ஒட்டு ரகத்தின் முதல் தலைமுறைச் செடிகள் ஒரே சீராக இருக்கும். அவற்றின் காயிலிருந்து விதை எடுத்தால், அடுத்த தலைமுறையில் பெற்றோரின் குணங்கள் பிரிந்து செடிக்குச் செடி வேறுபடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்ததெல்லாம் ஒட்டு ரகம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். பெரியகுளத்தின் பி.கே.எம். 1 தக்காளியும் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா விகாஸும் பாரம்பரிய ரகங்கள் அல்ல. ஆனால் விதை எடுத்துத் திரும்பத் திரும்பப் பயிரிடக்கூடிய ரகங்கள். அதே நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் ஒட்டு ரகம். பொட்டலத்தில் 'எஃப் 1', அதாவது முதல் தலைமுறை ஒட்டு என்று இருந்தால் விதைக்கு விடாதீர்கள். இளஞ்சிவப்போ நீலமோ பூசிய விதை பூஞ்சைக்கொல்லி தடவியதாக இருக்கும் என்பதால், அதை இயற்கை விதை என்று பிறருக்குக் கொடுக்கவும் கூடாது.

கத்தரி விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. சமையலுக்கு நறுக்கியபோது எடுத்து உலர்த்தினேன். (வில்லிவாக்கம்)

சமையலுக்கு ஏற்ற கத்தரிக்காயில் இருப்பது முதிராத விதை. செடியிலேயே விட்டு, நிறம் மங்கி மஞ்சளோ பழுப்போ ஆகும்வரை காத்திருந்து பறிக்க வேண்டும். பறித்த பின்னும் சில நாள் நிழலில் வைத்துப் பிறகு கரைத்தால், நல்ல விதை தண்ணீரில் அடியில் தங்கும்.

என் வீட்டில் நீளப் பீர்க்கு. அடுத்த மாடியில் குட்டைப் பீர்க்கு. என் விதை கலப்பாகிவிடுமா? பாகலுக்குப் பக்கத்தில் வைத்ததால் பீர்க்கு கசந்தது என்கிறாரே என் மாமியார்? (மந்தைவெளி)

முதல் கேள்விக்கு விடை, ஆகும். பீர்க்கு, சுரை, புடல், பாகல், பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. தேனீயும் அந்துப்பூச்சியும்தான் மகரந்தத்தைச் சுமக்கின்றன. அரசு விதைச் சான்றோடு உழவர்களுக்கு விற்கப்படும் சான்று விதையின் உற்பத்திக்கு இந்தக் குடும்பத்துப் பயிர்களில் ஒரே இனத்தின் இரு ரகங்களுக்கு இடையே 500 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். சான்று விதையைப் பெருக்க மூலமாகும் ஆதார விதைக்கு 1,000 மீட்டர். மந்தைவெளியில் 500 மீட்டருக்குள் எத்தனை மொட்டைமாடிகள் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே இடைவெளியை மறந்துவிட்டுப் பூவை மூடுவதுதான் நமக்குள்ள வழி.

பீர்க்கு, சுரை, புடல் ஆகியவை மாலையில் மலர்பவை. பாகலும் பூசணியும் விடியலில். பீர்க்கில் மறுநாள் மாலை மலரவிருக்கும் பெண் மொட்டை, அடியிலுள்ள பிஞ்சைக் கொண்டு அடையாளம் கண்டு, மெல்லிய துணிப் பையால் மூடிக் கட்டுங்கள். அதே கொடியிலோ, அதைவிட நல்லது அதே ரகத்தின் வேறொரு கொடியிலோ, ஓர் ஆண் மொட்டையும் அவ்வாறே மூடுங்கள். மாலையில் இரண்டும் விரிந்ததும் ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை அகற்றி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூலகமுடியில் தொட்டுத் தடவிவிட்டுப் பையை மீண்டும் மூட வேண்டும். நான்கு நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கியதும் பையை அவிழ்த்து, காம்பில் சிவப்பு நூல் ஒன்று கட்டுங்கள். அந்த நூல் இல்லையென்றால் வீட்டில் யாராவது காயைப் பறித்துக் கூட்டு வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் இருமுறை நடந்தது. பூசணிக்குப் பை கூட வேண்டாம்; முந்தின மாலையே மொட்டின் நுனியை நூலால் கட்டிவிட்டு, விடியலில் அவிழ்த்துத் தடவினால் போதும்.

வெண்டையில் ஒரே பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருப்பதால், முந்தின மாலை மொட்டின் நுனியைக் கட்டிவைத்தால் அது தானாகவே சூல் கொள்ளும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஒரு கிளையை மொட்டோடு வலைத்துணியால் மூடி, பூத்ததும் மெல்லத் தட்டிவிடுங்கள்.

உங்கள் மாமியாரின் ஐயம் பலரிடமும் உண்டு. பாகலும் பீர்க்கும் வேறு வேறு இனங்கள். அவை ஒன்றோடொன்று சேர்வதில்லை. இரண்டு பீர்க்கு ரகங்கள் கலந்தாலும்கூட, அதன் விளைவு இந்தக் காயில் தெரியாது. அதனுள் இருக்கும் விதையைப் போட்டு வளர்க்கும்போதுதான் தெரியும். கசப்புக்குக் காரணம் அந்தச் செடியே உண்டாக்கும் குக்குர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள். கசக்கும் பீர்க்கையும் சுரையையும், குறிப்பாகச் சுரையை, ஒரு துண்டுகூட உண்ணக் கூடாது. அந்தக் கொடியிலிருந்து விதையும் எடுக்கக் கூடாது.

நன்றாகக் காய வைத்து எவர்சில்வர் டப்பாவில்தான் வைத்தேன். கார்த்திகையில் திறந்தால் வெண்டை விதையில் பூஞ்சணம். (திருவொற்றியூர்)

விதையைச் சேமிப்பவர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு: காற்றின் ஈரப்பத விழுக்காட்டையும் ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலையையும் கூட்டினால் 100-க்குள் இருக்க வேண்டும். சென்னையின் சாதாரண நாளொன்றில் வெப்பநிலை 86 பாகை, அதாவது 30 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் 70 என்று கொண்டாலும் கூட்டினால் 156. ஐப்பசி, கார்த்திகையின் நிலையைச் சொல்லவே வேண்டாம். உள்நாட்டு ஊர்களில் பானையில் வைத்தே பிழைத்த விதை, கடற்கரையூரில் அப்படிப் பிழைக்காததற்கு இதுதான் காரணம். விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அவ்வாறே ஆகும் என்பதும் விதை நூல்களில் நிலைபெற்ற விதிகள்.

நம் ஊரில் 'நன்றாகக் காய்ந்தது' என்பது கைக்குத் தெரியும் காய்ச்சல் மட்டுமே. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விதை மீண்டும் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. எனவே நிழலிலும் காலை வெயிலிலும் உலர்த்தி, நண்பகல் வெயிலைத் தவிர்த்து, அதன் பிறகு ஈரம் உறிஞ்சும் பொருளோடு மூடி வைக்க வேண்டும். சிலிக்கா ஜெல் கிடைத்தால் விதையின் எடைக்குச் சமமாக எடுத்து, காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில், விதையைத் துணி முடிச்சாக அதன்மேல் வைத்து ஒரு வாரம் விடுங்கள். கிடைக்காவிட்டால் பச்சரிசியை வாணலியில் நன்றாக வறுத்து, மூடிய பாத்திரத்திலேயே ஆறவிட்டு, அதைப் புட்டியில் பாதியளவு நிரப்பி இரண்டு வாரம் வையுங்கள். பூசணி விதையை வளைத்தால் வளையாமல் பட்டென்று முறிய வேண்டும், அதுவே பதம்.

பிறகு புட்டியைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறந்துவிடாதீர்கள். ஓர் இரவு வெளியில் இருந்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த விதைமேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்து, இத்தனை நாள் உழைப்பும் வீணாகும். பசுஞ்சாணத்தில் பொதிந்து சுவரில் தட்டி வைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கிராமத்து மண்சுவருக்கு அது நல்ல முறை. அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனிச் சுவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முடிந்தால் விதைக்கான செடிகளைத் தையில் நடுங்கள். காய் பங்குனி, சித்திரையில் முற்றும்போது மழைத்தொல்லை இராது.

அவரை, காராமணி விதையில் மட்டும் வண்டு விழுகிறது. டப்பாவுக்குள் எப்படிப் போகிறது? (பம்மல்)

போவதில்லை, உள்ளே இருந்தே வருகிறது. பயறு வண்டு நெற்றின்மீதே முட்டையிட்டுவிடுகிறது. நன்கு உலர்ந்த விதையைக் காற்றுப் புகாத உறையில் இட்டு, உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் அழியும். உலராத விதையை அங்கே வைத்தால் விதையும் சாகும். சலித்து ஆறிய விறகுச் சாம்பலோ வசம்புப் பொடியோ கலப்பது பழைய முறை. இன்றும் பயன் தருவது.

இடமில்லாததால் ஒரே ஒரு சுரைக்கொடி. மூன்றாண்டாக அதிலிருந்தே விதை எடுக்கிறேன். காய் சிறுத்துவருகிறது. (அம்பத்தூர்)

வந்த கேள்விகளில் இதைத்தான் முதன்மையானதாகக் கருதுகிறேன். அயல் மகரந்தத்தால் வாழப் பழகிய பயிரை ஒரே செடியிலிருந்து ஆண்டுக்காண்டு விதை எடுத்து வளர்த்தால், வீரியம் குன்றவும் ரகத்துக்குள் இருக்கும் பலவகைக் குணங்கள் உதிர்ந்துபோகவும் இடமுண்டு. மண்ணும் தொட்டியும் கூடக் காரணமாகலாம். முதலில் தொட்டியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆயினும் ஒரு மொட்டைமாடியில் ஒரு ரகத்தைக் காப்பாற்ற முடியாது என்பதே என் அனுபவம். ஐந்தாறு வீடுகள் சேர்ந்தால் முடியும். ஒரே சுரை ரகத்தை ஆறு வீட்டில் இரண்டிரண்டு கொடியாக வளர்த்து, ஒவ்வொரு வீட்டிலும் பூவை மூடிக் கைச்சேர்க்கை செய்து, கிடைத்த விதையைச் சம அளவில் ஒன்றாகக் கலந்து மீண்டும் பகிர்ந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு கொடிகளின் குணமும் அந்தக் கலவையில் இருக்கும். ஒரு வீட்டில் மழையோ குரங்கோ அழித்தாலும் மற்ற ஐந்தில் விதை இருக்கும்.

நூறு ரகங்களைச் சேர்த்து வைத்திருப்பதாகச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்று அச்சம்தான். நூறில் எத்தனையைக் கலப்பில்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை; கேட்டால் நட்பு போய்விடும். நானும் ஒரு காலத்தில் நாற்பது வைத்திருந்தேன். இப்போது வைத்திருப்பது ஏழு. தக்காளி, அவரை போலத் தன் மகரந்தத்தால் காய்ப்பவற்றைச் சிறு இடத்திலும் காக்கலாம்; புதிதாகத் தொடங்குபவர்கள் அவற்றிலிருந்தே தொடங்கட்டும்.

விதைப் பகிர்வில் கொடுக்கும் பொட்டலத்தில் என்னவெல்லாம் எழுத வேண்டும்? (திருவான்மியூர்)

பயிர், ரகத்தின் பெயர், யாரிடமிருந்து வந்தது, எந்த மாதம் எடுத்தது, எத்தனை செடிகளிலிருந்து எடுத்தது, பூவை மூடியதா திறந்து விட்டதா, முளைப்பு எவ்வளவு. பெயர் தெரியாவிட்டால் 'செங்கத்தரி, ஒரு வாசகர் கொடுத்தது' என்றே எழுதுங்கள். ஊகப் பெயர் வைக்காதீர்கள். வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, முள் இருக்கும் கத்தரிக்கெல்லாம் அந்தப் பெயரை ஒட்டிக் கொடுக்கிறார்கள். பூவைத் திறந்து விட்டதில் வெட்கமில்லை. அதை மறைத்தால்தான் வாங்குபவரின் ஓராண்டு போகும்.

முளைப்பைச் சோதிக்க, 20 விதையை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். சான்று விதைக்குக் குறைந்தபட்சமாகத் தக்காளி, கத்தரிக்கு 70 விழுக்காடு, வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் கொடிக்காய்களுக்கும் 60 கேட்கிறார்கள். அதற்குக் குறைந்தாலும் தாராளமாகப் பகிரலாம், முளைப்பு விழுக்காட்டைக் குறிப்பிட்டு.

விதையைப் பகிர்ந்தாலோ விற்றாலோ சட்டச் சிக்கல் வருமா? (கொளத்தூர்)

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, உழவர் தம் விளைபொருளை, விதை உட்பட, சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் பகிரவும் விற்கவும் உரிமை தருகிறது. அச்சட்டத்தின்கீழ் பதிவு பெற்றுப் பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டும் அந்த உரிமை இல்லை. பாரம்பரிய ரகங்களைக் காத்துவருபவரையும் 'உழவர்' என்ற சொல்லுக்குள் அச்சட்டம் சேர்க்கிறது. 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டமும், தாம் விளைவித்த விதையைத் தம் இடத்திலேயே, விதைக்கப்போகிறவருக்கு நேரடியாகக் கொடுப்பதற்கு விலக்கு அளிக்கிறது. கடை போட்டுத் தொழிலாகச் செய்யத் தொடங்கினால் உரிமம் பெற வேண்டும்.

அமெரிக்காவிலிருக்கும் மகள் ஊர் விதை கேட்கிறாள். தபாலில் அனுப்பலாமா? அவள் வரும்போது அங்கிருந்து தக்காளி விதை கொண்டுவருவாளாம். (நங்கநல்லூர்)

உறையில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் சிறு அளவு விதைக்கெனத் தனி அனுமதி முறை உண்டு. முதலில் மகள் அங்கே விண்ணப்பிக்கட்டும். இங்கிருந்து போகும் விதைக்கு, நோயும் பூச்சியும் இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்று தேவைப்பட்டால் மீனம்பாக்கத்திலுள்ள தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தை அணுக வேண்டும். மகள் கொண்டுவருவதற்கும் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி இறக்குமதி அனுமதியும் அந்நாட்டுச் சான்றும் வேண்டும். தக்காளி விதையோடு நச்சுயிரி நோய்களும் பயணம் செய்யக்கூடியவை என்பதால், இதை வெறும் காகித வேலை என்று எண்ணாதீர்கள். மகளுக்கு உடனே ஏதாவது கொடுத்தாக வேண்டுமென்றால், உங்கள் வீட்டு அவரையை எப்படி விதைக்கு விடுவது என்பதை எழுதிக் கொடுங்கள். அதற்கு எந்தச் சான்றும் வேண்டாம்.