ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் 11-வதாக வந்தாலும் கடைசியாக வந்தாலும் ஒன்றுதானே?

புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்தால் ஒன்றுதான். 2010-லிருந்து முதல் 10 பேருக்குத்தான் புள்ளி. வென்றவருக்கு 25, பத்தாவதாக வருபவருக்கு 1, அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தாலும் சரி, ரெண்டு சுற்று பின்தங்கி வந்தாலும் சரி, பூஜ்யம்தான். ஆனாலும் இரண்டும் ஒன்று என்று சொல்ல எனக்கு மனசு வராது.

எங்கள் தொண்டிப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து விடுவார்கள், பெரும்பாலும் முதல் நாலு வண்டிக்குப் பரிசு. நாலாவது வண்டி எல்லையைத் தொட்டதும் மைக்கில் மாட்டுக்காரர் பேரும் ஊரும் முழங்கும். ஐந்தாவது வண்டி விரட்டி வருகிற பைக் கூட்டத்துக்கு நடுவே, முன் வண்டியை முட்டுகிற மாதிரிதான் வந்திருக்கும், மாட்டு வாயில் நுரை தள்ளும், சாரதி கயிற்றை இழுத்துப் பிடித்து ஓரங்கட்டுவதற்குள் மைக் அடுத்த பிரிவுக்குப் போய்விடும். கடைசி வண்டிக்காரர்கூட யாரிடமாவது சிரித்துப் பேசிக்கொண்டு வருவார், அந்த ஐந்தாவது வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுக்கவே முடியாது.

ஃபார்முலா ஒன்னில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமானால் 1999 நூர்பர்க்ரிங் பந்தயத்தைப் பாருங்கள். மினார்டி என்ற ஏழை அணியின் லூக்கா படோயர், 13 சுற்று பாக்கி இருக்கும்போது நாலாவதாக ஓடிக்கொண்டிருந்தார். கியர்பாக்ஸ் போய்விட்டது. காருக்குப் பக்கத்திலேயே குந்தி அழுதார் மனுஷன். அன்றைய கணக்கில் அது 3 புள்ளி, கடைசிவரை அவருக்கு ஒரு புள்ளிகூட வாய்க்கவில்லை. அதே நாலாம் இடம் 2005-ல் இண்டியானாபோலிஸில் நம்ம நரேன் கார்த்திகேயனுக்குக் கிடைத்தது, டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகிக்கொள்ள ஆறே கார்கள் ஓடிய பந்தயம் அது, 5 புள்ளி. எப்படி வந்தால் என்ன, வந்ததா இல்லையா!

சரி, 11-க்கு வருவோம். அணிகள் புள்ளியில் சமமாக இருந்தால் யார் நல்ல இடத்தில் முடித்தார்கள் என்று பார்ப்பார்கள், பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்றாலும் இதே விதிதான். 2012 பிரேசில் பந்தயத்தில், நம்ம ஊரில் ராத்திரி நேரம், சாம்பியன் பட்டம் வெட்டலுக்கா அலோன்சோவுக்கா என்று நானும் மச்சானும் டிவி முன்னால் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பின்னால் நடந்ததை நாங்களும் கவனிக்கவில்லை, கேமராவும் பெரிதாகக் காட்டவில்லை. கேட்டர்ஹாம், மரூஸியா ரெண்டு அணிக்கும் அந்த வருஷம் முழுக்கப் பூஜ்யம், சிங்கப்பூரில் தன் ஓட்டுநர் கிளாக் வாங்கிய 12-வது இடத்தை வைத்து மரூஸியா முன்னால் இருந்தது. பந்தயம் முடியப் போகிற நேரத்தில் கேட்டர்ஹாமின் பெட்ரோவ், மரூஸியாவின் பிக்கைத் தாண்டி 11-வதாக முடித்தார். ஒரு புள்ளியும் இல்லை, ஆனால் அணிகள் பட்டியலில் பத்தாம் இடம் கைமாறியது. பரிசுப் பணத்தில் அந்தப் பத்தாம் இடம் சின்ன அணிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2016-ல் இன்னும் மோசம். ஆஸ்திரியாவில் வேர்லைன் பத்தாவதாக வந்து வாங்கிய ஒரே புள்ளியை வைத்துக்கொண்டு மேனர் அணி பத்தாம் இடத்தில் இருந்தது. பிரேசிலில் கொட்டுகிற மழையில், அதுவரை பூஜ்யத்தில் இருந்த சாபர் அணியின் நாஸர் 9-வதாக வந்து 2 புள்ளி எடுத்துவிட்டார், பத்தாம் இடம் சாபருக்குப் போய்விட்டது. மேனரின் ஒகோனும் அதே பந்தயத்தில் கடைசிக் கட்டம் வரை புள்ளி கிடைக்கிற இடத்தில்தான் ஓடினார், பிறகு 12-வதாக முடித்தார். 2017 ஜனவரியில் மேனர் மூடப்பட்டது. ஒகோன் அன்றைக்குப் பத்தாவதாக வந்திருந்தாலும் 2-க்கு 2 என்று சமமாகி, நாஸரின் 9-வது இடத்தால் சாபர்தான் முன்னால் போயிருக்கும்.