கொழுப்பைக் கரைக்கும் ஊசி: கேட்டதும் சொன்னதும்

தாடைக்குக் கீழே தொங்கும் சதையை ஊசி போட்டே கரைத்துவிடலாம் என்கிறார்களே, உள்ளே அப்படி என்னதான் போகிறது?

ஒரு வகைச் சோப்பு! பெயர் டீஆக்சிகோலிக் அமிலம். நம் பித்தநீரில் ஏற்கெனவே இருப்பதுதான். சாப்பிட்ட கொழுப்பைக் குடலில் சிறு துளிகளாக உடைக்க உதவுகிறது. பிசுக்குப் பாத்திரத்தில் சோப்பு செய்வதை ஊசி மருந்து கொழுப்புச் செல்லின் சவ்வில் செய்கிறது. சவ்வு கிழிந்ததும் செல் செத்துவிடும். அப்புறம் உடலின் துப்புரவுச் செல்கள் வந்து, மிச்சத்தை விழுங்கி அகற்றும். அதற்குப் பல வாரம் பிடிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முன்பு சோயாவில் இருக்கும் லெசித்தின் வகைப் பொருளைத்தான் கொழுப்பைக் கரைக்கும் மருந்து என்று நம்பி ஊசி போட்டார்கள். அது நீரில் கலப்பதற்காகச் சேர்த்த துணைப்பொருள் இந்த அமிலம். பிறகு சோதித்துப் பார்த்தால், வேலை செய்ததே துணைக்கு வந்தவர்தான்!

சோப்பு என்றால் தோலையும் தசையையும் சேர்த்து அரிக்காதா?

தவறான இடத்தில் போனால் அரிக்கும். இந்த மருந்துக்குக் கொழுப்புச் செல்லை அடையாளம் காணத் தெரியாது. ஆனால் ஆல்புமின் போன்ற புரதங்கள் இதைப் பிடித்து வைத்துக்கொண்டால் வீரியம் குறைந்துவிடும். தோலிலும் தசையிலும் புரதம் அதிகம், கொழுப்புத் திசுவில் குறைவு. அந்த வித்தியாசம்தான் நமக்குப் பாதுகாப்பு. அது முழுப் பாதுகாப்பு இல்லை. ஊசி மேலாகப் போனால் தோல் புண்ணாகலாம். தாடை எலும்பின் ஓரத்தில் ஓடும் நரம்பின் அருகே போனால் சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், ஆனால் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

ஒரே ஊசியில் முடிந்துவிடுமா?

முடியாது. தாடைக்கடியில் 1 செ.மீ. இடைவெளியில் புள்ளி வைத்து, கோலப்புள்ளி மாதிரியே, ஒவ்வொன்றிலும் 0.2 மி.லி. போடுவார்கள். ஒரு அமர்வுக்கு அதிகபட்சம் 50 ஊசி, 10 மி.லி. குறைந்தது ஒரு மாதம் இடைவெளி, மொத்தம் 6 அமர்வு வரை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-இல் அனுமதித்தது தாடைக்கடிக் கொழுப்புக்கு மட்டுமே.

போட்டு மூன்று நாள். கழுத்து தவளை மாதிரி உப்பியிருக்கிறது, தொட்டால் உணர்ச்சியே இல்லை. கெட்டுப்போச்சா?

இல்லை. செத்த செல்களை அகற்ற வரும் அழற்சிதான் அந்த வீக்கம். மரத்துப்போவதும், உள்ளே கட்டி கட்டியாகத் தட்டுப்படுவதும் சில வாரங்கள் நீடிக்கலாம். முக்கியமான நிகழ்ச்சி இருந்தால் அதற்கு முந்தைய வாரம் இதைச் செய்யாதீர்கள் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், சிரிப்பில் கோணல், தோல் கறுத்துப் புண்ணாவது, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

எடை குறையுமா?

குறையாது. இது வடிவத்துக்கான வேலை. செத்த செல் திரும்பாது, சரி. மிச்சமிருக்கும் செல்கள் நீங்கள் எடை போட்டால் பருக்கத்தான் செய்யும்.

இணையத்தில் குப்பி விற்கிறார்கள், நானே போட்டுக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாத கொழுப்புக் கரைப்பு ஊசிகளால் தழும்பு, கிருமித்தொற்று, கட்டி என்று அவதிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், எஃப்.டி.ஏ.வே எச்சரித்திருக்கிறது. குப்பியில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது, எந்த ஆழம் என்பதும் கண்ணாடியைப் பார்த்துத் தெரியாது.

எனக்கு இது பொருந்துமா என்று எப்படித் தெரியும்?

மருத்துவர் செய்வதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். தாடைக்கடிச் சதையை விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் கழுத்துத் தசையை இறுக்குங்கள். சதை விரலிலேயே நின்றால் தசைக்கு மேலே இருக்கும் கொழுப்பு, ஊசி எட்டும். நழுவி உள்ளே போய்விட்டால் தசைக்கு அடியில் இருப்பது, ஊசியால் பயனில்லை. வெறும் தளர்ந்த தோல்தான் தொங்குகிறது என்றால் கொழுப்பைக் குறைப்பது அதை இன்னும் தொங்கத்தான் விடும்.