மெஷினில் குயில்ட் தைக்கப் பழகியபோது நீங்கள் செய்த தவறுகள் என்ன? அவற்றிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?

என் முதல் குயில்ட்டை (பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) முன்பக்கம் பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். திருப்பிக் காட்ட எனக்குத்தான் தைரியம் வரவில்லை. பின்பக்கத்தில் மூன்று இடங்களில் துணி மடிந்து, மடிப்போடு சேர்த்துத் தைத்திருந்தேன். ஒரு மூலையில் சுண்டைக்காய் அளவுக்கு நூல் பந்து.

மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி என்று குயில்ட் மூன்று அடுக்கு. தைக்கும்போது கண்ணில் படுவது மேல் அடுக்கு மட்டும். அதனால் இந்த வேலையில் தவறு தெரியும் இடம் ஒன்றாகவும் நடந்த இடம் வேறாகவும் இருக்கும். இது புரியவே எனக்குப் பல மாதங்கள் ஆயின.

அந்த நூல் பந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சிக்கு விழுந்ததால், கீழ்நூல் சுற்றியிருக்கும் குட்டி உருளையான பாபின்தான் கோளாறு என்று நினைத்தேன். பாபினைக் கழற்றி மறுபடி நூல் சுற்றினேன், அதை வைக்கும் கூடான பாபின் கேஸில் இருக்கும் குட்டித் திருகையும் திருகினேன் (அது இரண்டாவது தவறு). உண்மையில், ஊசியருகே துணிமேல் இறங்கும் ஃபுட்டை நான் இறக்கவே இல்லை! ஃபுட் மேலே இருந்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விரிந்திருக்கும், மேல்நூலைப் பிடிக்க எதுவும் இருக்காது. இழுத்த இழுப்புக்கெல்லாம் நூல் வந்து அடியில் குவியும். துணியைக் கையாலேயே நகர்த்தித் தைக்கும் ஃப்ரீ மோஷனில் ஃபுட் துணியை அழுத்திப் பிடிப்பதில்லை, அதனால் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்த்த உடனே தெரியாது. இப்போதெல்லாம் தொடங்கும் முன் ஃபுட்டை இறக்கிவிட்டு மேல்நூலை லேசாக இழுத்துப் பார்க்கிறேன். இறுக்கமாக வந்தால் சரி. நூல் கோக்கும்போது மட்டும் இதற்கு நேர்மாறாக ஃபுட் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் நூல் தட்டுகளுக்கு நடுவில் போய் உட்காரும்.

அடுத்தது வளைவுகள். நேராகப் போகும் இடத்தில் தையல் ஒழுங்காக இருக்கும், வளைவில் மட்டும் பின்பக்கம் கண்ணிமை முடி மாதிரி நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வளைவு வந்ததும் என் கைகள் தன்னையறியாமல் வேகமெடுத்துவிடும்; அந்த வேகத்துக்கு ஊசி ஈடுகொடுக்காததால், மேல்நூல் பின்பக்கம் இழுபடும். வளைவில் கையை நிதானப்படுத்தினேன், பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தைச் சரிசெய்ய மேல்நூலின் டென்ஷனைக் கொஞ்சம் கூட்டினேன்.

மடிப்புகளின் கதை இன்னும் பழையது. அந்தத் தவறு, தைப்பதற்கு முந்தைய நாள் அடுக்குகளைச் சேர்த்தபோதே நடந்துவிட்டது. அடித்துணியைச் சுருக்கமில்லாமல் தரையில் விரித்து ஓரங்களில் டேப் ஒட்ட வேண்டும். விறைப்பாக இழுத்தும் ஒட்டக் கூடாது, டேப்பை எடுத்ததும் துணி சுருங்கிக்கொள்ளும். அப்புறம் 4 அங்குலத்துக்கு ஓர் ஊக்கு. நான் சோம்பல்பட்டு 10 அங்குலத்துக்கு ஒன்று குத்தியிருந்தேன். போதாக்குறைக்கு ஓரத்திலிருந்து உள்ளே தைத்துக்கொண்டு போனதால், மிஞ்சிய துணியெல்லாம் நடுவில் மாட்டிக்கொண்டது. நடுவில் தொடங்கி வெளியே போனால் அது ஓரத்துக்கு ஒதுங்கும்.

நேர்கோடுகளுக்கு வாக்கிங் ஃபுட் வாங்கிவிடுங்கள். சாதாரண ஃபுட்டில் கீழே இருக்கும் பற்கள் அடித்துணியை நகர்த்தும், மேல்துணி பின்தங்கும். வாக்கிங் ஃபுட்டில் மேலேயும் பற்கள் உண்டு.

ஒருமுறை தையல்கள் திடீரெனப் பொடிப்பொடியாக விழுந்தன. தையல் நீளம் மாற்றும் குமிழ் கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டினேன். பார்த்தால், குயில்ட்டின் பாதி மேசையிலிருந்து தொங்கிக்கொண்டு துணியை நகரவிடாமல் இழுக்கிறது. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அந்தப் பாரத்தை அதன்மேல் ஏற்றினேன், சரியாகிவிட்டது.

எல்லாத் தவறையும் பிரித்துத் தைக்க வேண்டும் என்பதில்லை. மடிப்பு விழுந்தால் பிரிப்பேன். கோடு கொஞ்சம் கோணினால் விட்டுவிடுவேன், துவைத்ததும் பருத்திப் பஞ்சு சற்றுச் சுருங்கிக் கோணலை மறைத்துவிடும். ஆனால் ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன், அதே துணி, அதே பஞ்சு, அதே நூலில் ஒரு சிறு துண்டில் தைத்துத் திருப்பிப் பார்க்காமல் இருப்பதில்லை. பெரிய துணியில் ஐந்து நிமிடம் தைத்ததும் இன்னொரு முறை திருப்பிப் பார்ப்பேன்.

அந்த முதல் குயில்ட்டை நான் பிரிக்கவில்லை. பலமுறை துவைத்தாகிவிட்டது, மடிப்புகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நூல் பந்து மட்டும் இன்னும் கையில் நெருடுகிறது.