எல்லைக்கோட்டின் மேல் ஒரு வீடு

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்திலிருந்து அடுத்த வீட்டுக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டும். அமெரிக்கப் புல்வெளிகளில் தனித்தனியே குடியேறியவர்களுக்குள் நட்பும் காதலும் எப்படி வளர்ந்தன? (ஒரு வாசகி, ஏற்காடு)

பதில்: 1862ஆம் ஆண்டின் ‘ஹோம்ஸ்டெட்’ சட்டம் குடியேறும் ஒருவருக்கு 160 ஏக்கர் வரை அரசு நிலத்தை ‘இலவசமாக’ அளித்தது, ஐந்தாண்டுகள் அந்த நிலத்திலேயே குடியிருந்து பயிரிட்டால்தான் பத்திரம் கிடைக்கும் என்பதால், நம் கிராமங்களைப்போல ஒரே தெருவில் கூடி வாழ அவர்களுக்கு வழியில்லாமல் போயிற்று. எனவே, அடுத்தடுத்து நிலம் பெற்ற நண்பர்களும் உடன்பிறந்தவர்களும் எல்லைக்கோட்டை ஒட்டித் தங்கள் குடிசைகளைப் போட்டுக்கொண்டார்கள். மரம் அரிதான நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்வேயரும் செக் நாட்டாரும் புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினர். மழை பெய்தால் கூரை ஒழுகும், சோற்றுத் தட்டில் மண் விழாதிருக்க மேலே துணி கட்டுவார்கள். அந்த வீட்டைத் தனியாளாகக் கட்டுவது பெரும்பாடு. மொழி புரியாத அண்டைவீட்டாரும் கைகொடுத்தனர்.

காதலிலும் சட்டம் குறுக்கிட்டது. 21 வயது நிறைந்த மணமாகாத பெண்ணோ விதவையோ தன் பெயரில் நிலம் கோரலாம். கணவனோடு வாழும் பெண் பொதுவாகக் கோர இயலாது. ஆகவே முதலில் மனு, பிறகு மாலை என்று கணக்குப் போட்ட பெண்கள் இருந்தனர். அதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். அந்த ‘இலவச’ நிலமோ, பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது.